வாசகர் கேள்வி பதில்: செல்டிக்கின் ஏழாம் நம்பர்

போன இதழில் ஸ்காட்லாந்தின் செல்டிக் கால்பந்து கிளப்பில் ஆடிய ஜிம்மி ஜான்ஸ்டனைப் பற்றி ஒரு பதிலில் இரண்டு வரி வந்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள். சரி, இந்த முறை பகுதி முழுக்க அவருக்கே.

கே: செல்டிக் ரசிகர்கள் எல்லாக் காலத்துக்கும் சிறந்த ஆட்டக்காரர் என்று ஜான்ஸ்டனைத்தான் தேர்ந்தெடுத்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கோல் அடித்துக் குவித்தவர்கள் இருக்கும்போது ஓரத்தில் ஆடும் ஒரு விங்கருக்கு எப்படி அந்த இடம்?

ப: அந்த வாக்கெடுப்பு 2002-ல் நடந்தது. கோல் கணக்கை மட்டும் வைத்துப் பார்த்தால் உங்கள் சந்தேகம் நியாயம்தான். ஜிம்மி மெக்ரோரி அந்த கிளப்புக்காக 450 கோலுக்கு மேல் அடித்தவர், கென்னி டால்கிளீஷ் அங்கேதான் உருவானார், வாக்கெடுப்பு நடந்த சமயத்தில் ஹென்ரிக் லார்சன் அதே மைதானத்தில் வாராவாரம் கோல் போட்டுக்கொண்டிருந்தார். ஜான்ஸ்டனோ 515 ஆட்டங்களில் சுமார் 130 கோல்.

ஆனால் பழைய ரசிகர்கள் கூடிப் பேசும்போது ஸ்கோரையா பேசுகிறார்கள்? கோல் ஒரு நொடியில் விழுந்து முடிந்துவிடுகிறது. ஜான்ஸ்டன் வலது ஓரத்தில் பந்தை வாங்கிக்கொண்டு நின்றால் அடுத்து என்ன நடக்கும் என்று எதிரிக்கும் தெரியாது, சொந்த அணிக்கும் தெரியாது. ஒரு டிஃபெண்டரைத் தாண்டுவார், கோல் பகுதிக்குள் பந்தை அடிக்க வேண்டிய அந்த நேரத்தில் அடிக்காமல் நிற்பார், திரும்பி வந்து அதே ஆளை இன்னொரு முறை தாண்டுவார். ஆட்டத்துக்கு அது தேவையா என்றால் தேவையே இல்லை. மேனேஜருக்கு ரத்தம் கொதிக்கும். டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து நிற்பவனுக்கு அந்த இரண்டாவது முறைதான் வேண்டும், வீட்டுக்குப் போய்ச் சொல்ல அதுதான் கதை. மெக்ரோரியின் கோல்கள் புள்ளிவிவரப் பட்டியலில் பத்திரமாக இருக்கின்றன. ஜான்ஸ்டன் செய்ததை எந்தப் பட்டியலிலும் எழுத முடியாது, பார்த்தவர்கள்தான் சொல்லியாக வேண்டும். சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

கே: ஐந்தடி நான்கு அங்குலம்தான் உயரம் என்கிறார்கள். அந்தக் காலத்து முரட்டு டிஃபெண்டர்களுக்கு நடுவே எப்படித் தாக்குப் பிடித்தார்?

ப: அந்த உயரம்தான் அவருடைய சொத்தே. ஓரத்து ஆட்டத்தில் முக்கியம் வேகம் இல்லை, திசை மாற்றம். எதிரே நிற்பவன் எடையை ஒரு காலில் போடும் வரை காத்திருந்து, போட்டதும் மறுபக்கம் போக வேண்டும். உடம்பு தரைக்குப் பக்கத்தில் இருக்கிறவன், சின்னச் சின்ன எட்டாக வைக்கிறவன், ஓடுகிற ஓட்டத்திலேயே நின்று திரும்ப முடியும். ஆறடி ஆள் அதே காரியத்தைச் செய்ய இரண்டு எட்டு கூடுதலாக வேண்டும், அந்த இரண்டு எட்டுக்குள் ஜான்ஸ்டன் போய்விடுவார். 1966-ல் பிரான்சின் நான்ட் அணியோடு ஆடியபோது அந்த ஊர்ப் பத்திரிகைகள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் ‘பறக்கும் தெள்ளுப்பூச்சி’. சொந்த ரசிகர்களுக்கு எப்போதும் ஜிங்கி.

பிறந்தது 1944 செப்டம்பர் 30, கிளாஸ்கோவுக்குத் தென்கிழக்கே வியூபார்க் என்ற இடத்தில், நிலக்கரிச் சுரங்கத்தை நம்பியிருந்த வட்டாரம். இங்கிலாந்தின் ஸ்டான்லி மேத்யூஸ் மீது பைத்தியமாக இருந்த பையன், பால் பாட்டில்களை வரிசையாக நிறுத்தி அவற்றுக்கு நடுவே பந்தை ஓட்டி ஓட்டிப் பழகினான் என்றும், கால் வலுவாக வேண்டும் என்று அப்பாவின் கனமான சுரங்க பூட்ஸை மாட்டிக்கொண்டு ஓடினான் என்றும் சொல்வார்கள். செல்டிக் மைதானத்தில் பந்து எடுத்துப் போடும் பையனாக நின்றவர் பிறகு அங்கேயே ஆட்டக்காரர் ஆனார். 1963 மார்ச்சில் முதல் ஆட்டம், கில்மார்னாக் அணியிடம் 0-6 என்று தோல்வி! அதைப் பார்த்துவிட்டு இந்தப் பையன் தேற மாட்டான் என்று முடிவு கட்டியவர்கள் எத்தனை பேரோ.

கே: விமானத்தில் ஏறப் பயந்துகொண்டு ஒரு ஆட்டத்தையே ஜெயித்துக் கொடுத்தாராமே, நிஜமா, கட்டுக்கதையா?

ப: நிஜம்தான். எனக்கு அவருடைய கதைகளிலேயே மிகவும் பிடித்தது இது.

ஒரு பயணத்தில் விமானம் திடுதிப்பென்று கீழே சரிந்ததிலிருந்து அவருக்கு ஆகாயம் என்றாலே நடுக்கம். 1968 நவம்பர் 13, அந்தந்த நாட்டு லீக்கை வென்ற கிளப்புகள் மோதும் ஐரோப்பியக் கோப்பையில் பெல்கிரேடின் ரெட் ஸ்டார் அணி கிளாஸ்கோவுக்கு வந்திருக்கிறது. இரண்டு ஆட்டத்தின் கோலையும் கூட்டித்தான் முடிவு, அடுத்தது பெல்கிரேடில். இடைவேளையில் ஸ்கோர் 1-1. மேனேஜர் ஜாக் ஸ்டீன் வந்து, நான்கு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தால் நீ பெல்கிரேடுக்கு வர வேண்டாம் என்று ஜான்ஸ்டனிடம் சொல்கிறார். அவ்வளவுதான். இரண்டாம் பாதியில் ஜான்ஸ்டன் இரண்டு கோல் போட்டார், லெனாக்ஸுக்கும் வாலஸுக்கும் ஆளுக்கு ஒன்று அமைத்துக் கொடுத்தார், பந்து எங்கே இருந்தாலும் எனக்குக் கொடு எனக்குக் கொடு என்று கத்திக்கொண்டே ஓடினார். முடிவு 5-1. ஐந்தாவது கோல் விழுந்ததும் நான் போக வேண்டியதில்லை, நான் போக வேண்டியதில்லை என்று மைதானத்தில் கூவிக்கொண்டு குதித்திருக்கிறார். ரசிகர்களுக்கு எதற்கு இந்தக் கொண்டாட்டம் என்று புரிந்திருக்காது. பெல்கிரேடில் அவர் இல்லாமலேயே 1-1 டிரா, செல்டிக் அடுத்த சுற்றுக்குப் போய்விட்டது.

அதற்காக அவர் பறக்கவே மறுத்த ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். லிஸ்பன், மாட்ரிட், மான்டிவீடியோ என்று எல்லா இடத்துக்கும் போனார், ஒவ்வொரு முறையும் செத்துப் பிழைத்துப் போனார். இந்தப் பயத்தை ரசிகர்கள் ஒருநாளும் குறையாகச் சொல்லி நான் படித்ததில்லை. ஐரோப்பாவின் பெரிய டிஃபெண்டர்களைப் பார்த்துப் பயப்படாதவன் விமானத்துக்குப் பயப்படுகிறான் என்பதில் அவர்களுக்கு ஒரு சந்தோஷம். நம்மில் ஒருவன் என்று நினைக்க அது போதுமே.

கே: 1967 லிஸ்பன் இறுதி ஆட்டத்தில் அவர் என்ன செய்தார்? கோல் அடித்தவர்கள் பட்டியலில் பெயரைக் காணோமே.

ப: இல்லைதான். மே 25, இன்டர் மிலானுக்கு எதிராக. மஸ்ஸோலா பெனால்டியில் இன்டருக்கு முதல் கோல், அப்புறம் ஜெம்மெல், சால்மர்ஸ் இருவரும் அடித்து 2-1. பிரிட்டனிலிருந்து ஐரோப்பியக் கோப்பையை வென்ற முதல் கிளப். ஆடிய 11 பேருமே செல்டிக் மைதானத்திலிருந்து 30 மைல் சுற்றளவுக்குள் பிறந்தவர்கள் என்பதை இன்றைக்கு நினைத்துப் பார்த்தால் நம்பவே முடியவில்லை. இன்டரின் பூட்டுப் போட்ட தற்காப்பை உடைக்க இரண்டு ஓரத்திலிருந்தும் ஓயாமல் தாக்கினார்கள், அதில் ஜான்ஸ்டனின் வேலை ஒரு டிஃபெண்டரைத் தன்னோடு இழுத்துக்கொண்டு திரிந்து மற்றவர்களுக்கு இடம் விடுவது. பெயர் வராத வேலை.

ஆனால் லிஸ்பன் என்றதும் ரசிகர்கள் முதலில் சொல்லும் கதை ஆட்டத்துக்கு முந்தைய சில நிமிடங்களைப் பற்றியது. ஜான்ஸ்டனே பின்னாளில் சிரிக்கச் சிரிக்கச் சொன்னது. மைதானத்துக்குள் நுழையும் சுரங்கப் பாதையில் இரண்டு அணியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. இத்தாலிக்காரர்கள் ஆறடி உயரம், வெயிலில் மினுங்கும் தோல், படிய வாரிய முடி, சினிமா நடிகர்கள் மாதிரி புன்னகை. இந்தப் பக்கம் பார்த்தால் குள்ளர் கூட்டம், அதில் ஜான்ஸ்டனுக்கு முன்பல் இல்லை, லெனாக்ஸுக்கு இல்லை, கோல்கீப்பர் ரோனி சிம்ப்சனுக்கு மேலேயும் இல்லை கீழேயும் இல்லை. கோப்பை வாங்கும்போது படம் எடுப்பார்களே என்று எல்லோருடைய பல்செட்டையும் ஒரு தொப்பியில் போட்டு சிம்ப்சன் கோல் வலைக்குள்ளேயே வைத்திருந்தார் என்பது இன்னொரு உபகதை. அந்த வரிசையில் நின்றபடி பெர்ட்டி ஆல்ட் கிளப்பின் பாட்டை உரக்க ஆரம்பிக்க, மொத்த அணியும் சேர்ந்து பாட, இன்டர்காரர்கள் திகைத்துப் போய்த் திரும்பிப் பார்த்தார்களாம்.

ஆட்டக்காரராக அவருடைய உச்சம் என்று கேட்டால் நான் லிஸ்பனைச் சொல்ல மாட்டேன். அதற்கு 19 நாள் முன்னால், மே 6, கொட்டும் மழையில், சேறும் சகதியுமான ஐப்ராக்ஸ் மைதானத்தில், அதே கிளாஸ்கோவின் இன்னொரு கிளப், பரம எதிரியான ரேஞ்சர்ஸுக்கு எதிராக இரண்டு கோலும் அவர்தான். இரண்டாவது, தூரத்திலிருந்து இடது காலால், பந்து வலையின் மேல் மூலைக்குப் போயிற்று. 2-2 டிராவில் லீக் பட்டம் உறுதியாயிற்று. அன்று இன்டர் மேனேஜர் ஹெலெனியோ ஹெரேரா உளவு பார்க்க வந்து ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தார். லிஸ்பனில் ஜான்ஸ்டனுக்கு ஏன் அவ்வளவு காவல் என்பதற்கு அதுவே விடை.

கே: அதே வருடம் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலன் டி’ஓர் விருதில் எங்கே வந்தார்?

ப: மூன்றாவது. ஹங்கேரியின் ஃப்ளோரியன் ஆல்பர்ட் 68, பாபி சார்ல்டன் 40, ஜான்ஸ்டன் 39. ஒரே ஒரு புள்ளியில் இரண்டாம் இடம் போயிற்று.

கே: மாட்ரிட் ரசிகர்கள் எழுந்து நின்று கொண்டாடினார்கள் என்று படித்தேன். எதிரணி ஊரில் அப்படி நடக்குமா?

ப: நடந்தது. லிஸ்பன் முடிந்து இரண்டு வாரத்தில், 1967 ஜூன் 7, ரியல் மாட்ரிடின் பெரிய நட்சத்திரமாக இருந்த ஆல்ஃபிரெடோ டி ஸ்டெஃபானோவுக்கு விடை கொடுக்கும் ஆட்டம், பெர்னபெயு மைதானம். பேருக்கு நட்பு ஆட்டம். ஆனால் ரியல் மாட்ரிட் தோற்க விரும்புமா? இரண்டு பக்கமும் ஆளுக்கு ஒருவர் வெளியேற்றப்படும் அளவுக்குச் சூடு. அதில் ஜான்ஸ்டன் பந்தை எடுத்துக்கொண்டு கிளம்பும் ஒவ்வொரு முறையும், காளைச் சண்டையில் கத்துவது போல ‘ஓலே’ என்று மாட்ரிட் கூட்டமே கத்த ஆரம்பித்தது. அவர் கொடுத்த பந்தில் லெனாக்ஸ் கோல், 1-0. டி ஸ்டெஃபானோவின் இரவை இந்தக் குட்டை ஆள் தட்டிக்கொண்டு போய்விட்டார் என்று செல்டிக் ரசிகர்கள் பெருமை அடித்துக்கொள்வார்கள். கொஞ்சம் அதிகப்படிதான், ஆனால் கேட்க நன்றாக இருக்கிறது.

கே: இவரை எப்படித்தான் நிறுத்தினார்கள்?

ப: உதைத்துத்தான். மஞ்சள், சிவப்பு அட்டைகள் உலகக் கோப்பைக்கு வந்ததே 1970-ல். அதற்கு முன் பின்னாலிருந்து காலை வாரினாலும் நடுவர் விரலை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்.

1967 கடைசியில் அர்ஜென்டினாவின் ரேசிங் கிளப்போடு உலக கிளப் பட்டத்துக்காக மூன்று ஆட்டம், அதில் அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. உதை ஒரு பக்கம், துப்பியது இன்னொரு பக்கம். இடைவேளையில் தலைமுடியில் வழிந்த எச்சிலைக் கழுவிவிட்டுத் திரும்ப வந்து ஆடினார் என்று கூட ஆடியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மான்டிவீடியோவில் நடந்த மூன்றாவது ஆட்டத்தில் வெளியேற்றப்பட்டவர்களில் அவரும் ஒருவர். அந்தத் தொடரைப் பற்றிப் பேச செல்டிக் ரசிகர்களுக்கு இன்றும் விருப்பம் இல்லை.

இங்கிலாந்தின் லீட்ஸ் அணியோடு ஆடிய கதை வேறு. 1970 ஏப்ரல் 15, ஐரோப்பியக் கோப்பை அரையிறுதி, ஹாம்ப்டன் பார்க்கில் 1,36,505 பேர். லீட்ஸின் இடது ஓர டிஃபெண்டர் டெரி கூப்பர், இங்கிலாந்துக்கு ஆடியவர், சாதாரண ஆள் இல்லை. அன்று இரவு அவரை ஜான்ஸ்டன் சுற்ற வைத்த சுற்றில் உதவிக்கு நார்மன் ஹன்டர் வர வேண்டியதாயிற்று. ஹன்டர் என்றாலே காலை ஒடிப்பவர் என்று பெயர். அவனை உதை என்று இருவரில் ஒருவர் கத்த, நீயே வந்து உதை என்று மற்றவர் திருப்பிக் கத்தினார் என்று ஒரு கதை உண்டு. கிட்டப் போனால்தானே உதைக்க முடியும்! பிரெம்னர் லீட்ஸுக்கு முதல் கோல் அடித்தும், ஹியூஸ் சமன் செய்ய, ஜான்ஸ்டன் கொடுத்த பந்தில் மர்டாக் அடித்து செல்டிக் 2-1. இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்தின் ஃபெயனூர்டிடம் தோற்றார்கள், அது வேறு சோகம்.

கே: ஜாக் ஸ்டீன் அவரை மகன் மாதிரி பார்த்துக்கொண்டாராமே?

ப: மகன் மாதிரி என்பதைவிடத் தப்பித்து ஓடும் மாணவனை வாத்தியார் பார்ப்பது மாதிரி என்று சொல்லலாம். ஜான்ஸ்டன் எந்த பப்பில் இருக்கிறார் என்று ஸ்டீனுக்கு எப்படியோ தெரிந்துவிடும், அங்கே ஃபோன் அடிக்கும். 1968 அக்டோபரில் டண்டி யுனைடெட் ஆட்டத்தின் நடுவே தன்னை வெளியே எடுத்ததற்காக ஜான்ஸ்டன் சட்டையைக் கழற்றி ஸ்டீன் இருந்த திசையில் வீசி எறிந்துவிட்டுப் போக, பருத்த உடம்பும் நொண்டும் காலுமாக ஸ்டீன் அவர் பின்னாலேயே உள்ளே ஓடினார். கிளப் ஒரு வாரம் தண்டனை கொடுத்தது. ரெட் ஸ்டார் கதை நடந்தது அதற்கு அடுத்த மாதம் என்பதைக் கவனியுங்கள். சட்டையை எறிந்தவனின் பயத்தை அந்த மனிதர் அதட்டவும் இல்லை, கேலி செய்யவும் இல்லை, அதை வைத்தே நான்கு கோல் வாங்கிவிட்டார். தொடர்ந்து ஒன்பது லீக் பட்டம், ஐரோப்பியக் கோப்பை எல்லாவற்றையும்விட, இந்தப் பையனை ஐந்து வருடம் கூடுதலாக ஆட வைத்ததற்காகத் தன்னை நினைவில் வைத்தால் போதும் என்று ஸ்டீன் சொல்லியிருக்கிறார்.

கே: குடித்துவிட்டுத் துடுப்பு இல்லாத படகில் கடலுக்குப் போன ஆளை இப்படிக் கொண்டாடுவது சரியா?

ப: நல்ல கேள்வி. முதலில் சம்பவம். 1974 மே மாதம், ஸ்காட்லாந்து அணி லார்க்ஸ் என்ற கடலோர ஊரில் தங்கியிருந்தது. வேல்ஸை ஜெயித்த இரவு குடித்துக் கொண்டாடிவிட்டு விடியற்காலையில் கரையோரம் வந்தவர்கள், ஜான்ஸ்டன் ஒரு படகில் ஏறி நிற்க, யாரோ விளையாட்டாகத் தள்ளிவிட்டார்கள். நீரோட்டம் இழுத்துக்கொண்டு போயிற்று. இவர் நின்றபடி பாடிக்கொண்டே போயிருக்கிறார். கடலோரக் காவல் படையினர் வந்துதான் மீட்டார்கள். பத்திரிகைகள் கிழித்தெடுத்தன. சில நாளில், மே 18, ஹாம்ப்டனில் இங்கிலாந்தை 2-0 என்று ஜெயித்த ஆட்டத்தில் பிரமாதமாக ஆடிவிட்டுப் பத்திரிகையாளர்கள் உட்காரும் பக்கம் பார்த்து விரலால் ஒரு மரியாதை செய்தார். எழுதக்கூடிய மரியாதை இல்லை.

சிரித்தாகிவிட்டது. ஆனால் குடி அவரை நிறையவே தின்றது, அதை மறைப்பதில் அர்த்தம் இல்லை. அதே கோடையில் உலகக் கோப்பைக்கு மேற்கு ஜெர்மனிக்குப் போனார், ஒரு நிமிடம்கூட ஆட வைக்கவில்லை. 1975-ல் செல்டிக் விட்டுவிட்டது, வயது முப்பதுதான். பிறகு சான் ஹோசே, ஷெஃபீல்டு யுனைடெட், டண்டி, ஷெல்போர்ன், எல்ஜின் சிட்டி என்று அலைந்தார், எதுவும் ஒட்டவில்லை. பின்னாளில் லாரி ஓட்டியிருக்கிறார். ரசிகர்களின் கதைகளில் இந்தப் பகுதி சீக்கிரம் ஓடிவிடும், படகு மட்டும் நிற்கும். அன்பு அப்படித்தான் தேர்ந்தெடுத்து ஞாபகம் வைக்கிறது, எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

கே: நாட்டுக்காக வெறும் 23 ஆட்டம். ஏன்?

ப: ஒழுங்கு ஒரு காரணம், விமானம் இன்னொன்று. மூன்றாவதாக, அதே இடத்துக்கு ரேஞ்சர்ஸின் வில்லி ஹென்டர்சன் இருந்தார், அவரும் குட்டை, அவரும் அபாரம். ஹாம்ப்டனில் ரேஞ்சர்ஸ் ஆதரவாளர்கள் சொந்த நாட்டு அணியில் ஆடும் ஜான்ஸ்டனைப் பார்த்தே கூச்சல் போட்டு விரட்டுவார்கள். வேடிக்கை என்னவென்றால் ஜான்ஸ்டனும் ஹென்டர்சனும் நெருங்கிய நண்பர்கள். ஸ்டாண்டில் சண்டை, வெளியே சேர்ந்து சுற்றல்.

கே: கடைசிக் காலம் எப்படி இருந்தது?

ப: 2001-ல் மோட்டார் நியூரான் நோய் என்று தெரிந்தது. தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நோய், மருந்து இல்லை. ஒளிந்துகொள்ளவில்லை அவர். வெளியே வந்து பேசினார், ஆராய்ச்சிக்கு ஆதரவு கேட்டார். 2006 மார்ச் 13 அன்று வியூபார்க்கை ஒட்டிய உடிங்ஸ்டனில் இறந்தார், வயது 61. செல்டிக் மைதான வாசலில் பச்சை வெள்ளைக் கழுத்துத் துண்டுகள் மலையாகக் குவிந்தன, நடுநடுவே ரேஞ்சர்ஸின் நீலச் சட்டைகளும் இருந்தன. கிளாஸ்கோவைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு அபூர்வம் என்று தெரியும். அந்த வாரமே லீக் கோப்பை இறுதி, செல்டிக் அணியில் எல்லோர் உடையிலும் அவருடைய 7-ஆம் எண். டன்ஃபெர்ம்லினை 3-0 என்று ஜெயித்தார்கள். மைதானத்துக்கு வெளியே அவருடைய சிலை 2008-ல் வந்தது.

கே: மெஸ்ஸியா, ஜான்ஸ்டனா?

ப: இந்தப் பகுதிக்கு மாதம் ஒருவராவது இப்படிக் கேட்காமல் இருப்பதில்லை. மெஸ்ஸி.

கே: பழைய ஆட்டங்களைப் பார்க்க ஆசை. எதில் ஆரம்பிக்கலாம்?

ப: எல்லோரும் லிஸ்பனைச் சொல்வார்கள், நீங்கள் லீட்ஸ் ஆட்டத்தில் ஆரம்பியுங்கள். கறுப்பு வெள்ளைப் படம், தெளிவு சுமார்தான். செல்டிக்காரர்கள் அப்போது சட்டையில் எண் போட மாட்டார்கள், கால்சட்டையில்தான் இருக்கும், அதனால் முதலில் யார் யார் என்று குழம்பும். குள்ளமாக, சுருட்டை முடியோடு வலது கோட்டை ஒட்டி நிற்பவரைத் தேடுங்கள். பந்தை விட்டுவிட்டு கூப்பரின் கால்களை மட்டும் பாருங்கள், எப்போது எந்தக் காலில் நிற்கிறார் என்று. சுருக்கமாகத் தொகுத்துப் போட்ட துண்டுகள் வேண்டாம், அவற்றில் கோலைத்தான் காட்டுவார்கள், முழு ஆட்டம் கிடைத்தால் அதையே பாருங்கள்.